போப்பையர் மீது ஒரு குற்றச்சாட்டு



அண்மையில் எங்கள் ஊரிலே ஒரு நூல் வெளியீட்டு விழா நடைபெற்றது. திருக்குறளின் பிறமொழி பெயர்ப்புகளைப் பற்றிய சிறிய ஆய்வு நூல் அது. விமர்சன உரை ஆற்ற வந்தவர் நிறையக் கற்றவர். நூல் மதிப்புரைகள் எழுதிப் பெயர் பெற்றவர். வெளியிடப்பட்ட நூலைப் பற்றி அவர் சொன்னதிலும் பார்க்க, அந்நூலிலே பாராட்டப்பட்டிருந்த ஜி. யூ. போப்பைப் பற்றிச் சொன்னதே அதிகம். போப் ஒரு பாதிரியார். வள்ளுவருக்குக் கிறிஸ்தவச் சாயம் பூசியவர். அவருடைய மொழிபெயர்ப்புகள் யாவும் மதச்சார்பு உடையவை. அவரை இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுவது நமது அடிமைப் புத்தி என்பது அவர் வழங்கிய தீர்ப்பு. மண்டபத்திலே கைதட்டல் எழுந்தது. நானும் கைதட்டினேன்.

கைதட்டி ஓய்ந்த பிறகுதான் ஒரு பழைய நினைவு வந்து நெஞ்சைக் குத்தியது. நான் ஒரு இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிப்பவன். ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பிலே திருக்குறளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, இந்த விமர்சகர் சொன்னதையே நானும் சொன்னேன். "பாதிரியார் அல்லவா? வேறு எப்படி எழுதுவார்?" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பு சிரித்தது. பின்வாங்கிலே இருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கிறிஸ்தவப் பிள்ளை. மெல்ல எழுந்து, "சேர், நீங்கள் அந்தப் புத்தகத்தை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டான். நான் வாசித்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றிருந்தும், போப்பைப் பற்றிப் பிறர் எழுதியவற்றை வாசித்திருந்தேனே தவிர, போப் எழுதியதை வாசித்திருக்கவில்லை. "அதெல்லாம் இப்ப பாடத்துக்குத் தேவையில்லை, இரு" என்று அவனை இருத்திவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இனியும் இருத்தல் தகாது என்று தோன்றியது. போப்பின் திருக்குறள் மறுபதிப்பையும் திருவாசக மொழிபெயர்ப்பையும் ஒரு நண்பரிடமிருந்து இரவல் வாங்கினேன். ஓகஸ்ட் விடுமுறை முழுவதும் அவற்றோடே கழிந்தது. விமர்சகரின் குற்றச்சாட்டு நியாயமானதுதானா, நியாயமானதாயின் எந்த அளவுக்கு என்பதையே இன்றைய உரையில் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் மனிதரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜோர்ஜ் அக்ளோ போப் 1820ஆம் ஆண்டு, இன்று கனடாவின் பகுதியாக உள்ள பிறின்ஸ் எட்வேர்ட் தீவிலே பிறந்தவர். 1839இல், பத்தொன்பது வயது இளைஞராக, மதப் பணிக்காகச் சென்னையில் வந்திறங்கினார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியாவில் வாழ்ந்தார். இளமையிலே அவர் சாந்தமூர்த்தி அல்லர். தம்முடைய சபையின் பக்கம் நின்று, தரங்கம்பாடி லூத்தரன் பாதிரிமாருக்கு எதிராகவே 1853இல் காரசாரமான ஒரு சிறுநூல் எழுதியவர். மதப் பற்று அவரிடத்தில் இருந்ததா என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. அந்தப் பற்றே அவரைக் கடல் கடந்து கொண்டுவந்தது. 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பி, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1908இல் காலமானார்.

விமர்சகரின் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அதன் மிக வலுவான ஆதாரம் 1886ஆம் ஆண்டுத் திருக்குறட் பதிப்பின் முன்னுரையிலேயே உள்ளது. வள்ளுவர் மயிலாப்பூரிலே வாழ்ந்தவர் என்றும், ஏலேலசிங்கன் என்ற கடலோடி அவருடைய நண்பர் என்றும் வழங்கும் செவிவழிக் கதைகளைப் போப் எடுத்துக்கொள்கிறார். மயிலாப்பூரோ தோமா அப்போஸ்தலரின் பெயரோடு இணைந்த தலம். ஆகவே அங்கே கிறிஸ்தவ போதகர்கள் இருந்திருப்பர். அவர்களோடு வள்ளுவர் கடற்கரையிலே உலாவிக்கொண்டே பேசியிருப்பார். அவ்வாறு கேட்ட கருத்துகள் குறளிலே கலந்திருக்கும் என்று ஒரு காட்சியை அவர் வரைகின்றார். அத்தோடு நில்லாமல், வள்ளுவருக்கு ஊக்கம் தந்த மூலங்களுள் கிறிஸ்தவ வேதமும் ஒன்று என்று சொல்லத் தமக்குத் தயக்கமில்லை என்ற கருத்தையும் வெளியிடுகின்றார்.

இதைப் படித்தபோது, விமர்சகர் சொன்னது சரிதானே என்றே எனக்கும் பட்டது. ஆயினும் அது சார்பு என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்தால் போதாது. சான்றுகளைத் தட்டிப் பார்க்கவேண்டும்.

மயிலாப்பூர்ப் பகுதியிலே பழைய நாளிற் கிறிஸ்தவர் இருந்தனரா? இருந்தனர் என்று கொள்ள இடமுண்டு. பரங்கிமலையிலே போர்த்துக்கேயர் 1547இல் கண்டெடுத்த கற்சிலுவையிற் பழைய பாரசீகமாகிய பஹ்லவி மொழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அது ஏழாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரையிலான காலத்தது என்பர். ஆயின் ஓர் ஊரிலே ஒரு சமயத்தார் வாழ்ந்தனர் என்பது ஒன்று. அவ்வூரிற் பிறந்த நூலிலே அவர்களுடைய சமயம் புகுந்தது என்பது வேறொன்று. நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அனுராதபுரத்திலே 1912இல் ஒரு பழைய கற்சிலுவை கண்டெடுக்கப்பட்டது. ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மஸ் என்ற கிரேக்க வணிகர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் இருந்தனர் என்று எழுதி வைத்தார். அதனால் மகாவம்சம் விவிலியத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று எவரேனும் சொல்வரா? அடுத்த வீட்டிலே நெல் இருந்தது என்பதால் என் வீட்டுச் சோறு அந்த நெல்லில் ஆக்கியது என்று ஆகிவிடாது.

அடுத்தது காலம். போப், குறளின் காலத்தைக் கி.பி. 800க்கும் 1200க்கும் இடையில் வைத்தார். இவ்வளவு பின்னே தள்ளினாற்றான் மயிலைக் கிறிஸ்தவரோடு வள்ளுவரைச் சந்திக்க வைப்பது எளிதாகும். இன்று இக்காலக் கணிப்பை ஏற்பார் இல்லை. மணிமேகலைக் காப்பியம் ஒரு குறளை எடுத்தாண்டு, அதை இயற்றிய புலவரையும் போற்றுகின்றது. மணிமேகலைக்கு முன்னரே குறள் நாடறிந்த நூலாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. காலத்தைப் பின்தள்ளுபவர் என்று பெயரெடுத்த பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை கூடக் குறளை ஏறக்குறையக் கி.பி. 600 அளவிலேயே வைத்தார்.

இங்கேதான் ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு உரிய நிதானம் தேவைப்படுகின்றது. போப் தம் முன்னுரையை வெளியிட்ட 1886இல் நமது பழைய நூல்களின் நிலை என்ன? உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வெளிவந்தது 1887இல். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1887இல். சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், சாமிநாதையரின் மணிமேகலை 1898இல். போப்பின் பிழையைத் திருத்தும் சான்றுகள் யாவும் அவர் நூல் வெளிவந்த அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுள்ளே அச்சேறின. அன்று நம்மவரிலும் பலர் குறளின் காலத்தைப் புராணக் கதைகளைக் கொண்டே பேசிக்கொண்டிருந்தனர். ஆகவே காலத்தைப் பிழையாகக் கணித்த குற்றத்திலே பாதியை அறியாமையின் கணக்கில் எழுதவேண்டும்.

மற்றப் பாதி? சான்று இல்லாதபோது பேசாதிருப்பது அறிஞர் கடன். போப் பேசாதிருக்கவில்லை. சான்று இல்லாத இடத்தைத் தமக்கு இனிய ஒரு கதையால் நிரப்பினார். பகைவர்க்கும் நன்மை செய்தல், பொறுமை, இன்னா செய்யாமை முதலிய அறங்களைக் குறளிலே கண்டபோது அவருக்கு மலைப்பிரசங்கம் நினைவுக்கு வந்தது இயல்பே. ஆனால் பகையைப் பகையாலே தணிக்க முடியாது என்னும் போதனை தம்மபதத்திலே இருப்பதை நம் நாட்டிலே பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். சமணரின் அறநூல்களும் அதையே சொல்லும். மேலும் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரமே வகுத்தார். ஊழுக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இவற்றுக்கு விவிலியத்திலே மூலம் தேட முடியாது. வள்ளுவர் பல சமய நெறிகளையும் அறிந்து நல்லதைக் கொண்டவர் என்று அதே முன்னுரையிலே கருத்துரைத்த போப், அந்தக் கருத்திலேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆகவே முன்னுரையின் அந்தச் சில பக்கங்களைப் பொறுத்தவரை, விமர்சகரின் குற்றச்சாட்டு நியாயமானதே. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் விமர்சகர் சொன்னது "சில பக்கங்கள்" என்றல்ல. மொழிபெயர்ப்புகள் யாவும் என்று. அந்தச் சொல்லையும் தட்டிப் பார்ப்போம்.

மொழிபெயர்ப்பிலே மதச்சார்பு புகுமானால் எங்கே புகும்? மொழிபெயர்ப்பாளனின் நம்பிக்கைக்கு மாறான இடங்களிலேதான் புகும். கிறிஸ்தவ சமயம் மறுபிறப்பை ஏற்பதில்லை. குறளோ பல இடங்களிலே அதைப் பேசுகின்றது. ஆகவே அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். பத்தாவது குறளிலே வரும் பிறவிக் கடல் போப்பின் ஆங்கிலத்திலும் பிறவிக் கடலாகவே இருக்கின்றது. அறுபத்திரண்டாவது குறளின் எழுபிறப்பு ஏழு பிறப்பாகவே நிற்கின்றது. மூன்றாம் குறளிலே மலர்மீது சென்றவன் என்னும் தொடரைப் பொதுப்படையான ஒரு கடவுட் பெயராக மாற்றிவிட்டிருந்தால் எந்த ஆங்கிலேயனும் கண்டுபிடித்திருக்கமாட்டான், போப் மாற்றவில்லை, மலர் அங்கேயே இருக்கின்றது. 1103ஆம் குறளிலே தாமரைக் கண்ணானுடைய உலகம் வருகின்றது. அதையும் அவர் வெறும் மோட்சம் என்று மழுப்பாமல், தாமரைக் கண்ணனின் உலகமாகவே பெயர்க்கின்றார். முன்னுரையிலே கடற்கரைக்கு அழைத்துச் சென்ற அதே வள்ளுவரை, மொழிபெயர்ப்பிலே அவர் தம் வீட்டிலேயே இருக்கவிட்டார். எதுகைக்காகவும் சந்தத்துக்காகவும் சொற்களை நீட்டி முறுக்கிய குறை அவரிடம் நிறைய உண்டு. அது செய்யுளாகப் பெயர்த்தவனின் குறை; மதத்தின் குறையன்று.

இன்னொரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. வீரமாமுனிவர் குறளின் முதலிரு பால்களையே இலத்தீனிலே பெயர்த்தார், காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவியான அவருக்கு அது தகாது எனத் தோன்றியிருக்கலாம். பிற்காலத்துப் பாதிரிமாரிடையேயும் மூன்றாம் பாலைப் பற்றி ஓர் அருவருப்பே நிலவியது. போப்பும் அந்த எண்ணத்தாற் பல ஆண்டுகள் அப்பகுதியை வாசியாமலே இருந்தார். இதை நமக்குச் சொல்பவர் வேறு யாருமல்லர். அவரேதான் தம் முன்னுரையிலே ஒப்புக்கொள்கின்றார். மனத்திலே மாசற்றிருத்தலே அறம் என்று பாடிய புலவர், சிலர் சொல்வதுபோல் இழிவானதைப் பாடியிருப்பாரா என்று ஒருநாள் அவருக்கு ஐயம் எழுந்தது. எடுத்து வாசித்தார். தாம் கேள்விப்பட்டது பிழை என்று கண்டார். மூன்றாம் பாலையும் முழுவதுமாகப் பெயர்த்து, தம் பெயரோடு அச்சிட்டார்.

நேயர்களே, இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் முற்றத்திலே நின்றேன். வாசியாமலே ஒரு நூலின்மேல் வெறுப்புக் கொண்டிருந்தார் அவர். பின்னர் வாசித்தார், தாம் கொண்டிருந்தது தப்பெண்ணம் என்று ஊரறிய எழுதினார். வாசியாமலே அவருடைய நூலின்மேல் வெறுப்புக் கொண்டிருந்தவன் நான். வகுப்பறையிலே ஒரு பிள்ளை கேட்டபோது அதை ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

இனித் திருவாசகம். அதுவும் மதமாற்றக் கருவிதான் என்று விமர்சகர் குறிப்பாற் சொன்னார். திருவாசக மொழிபெயர்ப்பு வெளிவந்த 1900ஆம் ஆண்டிலே போப்புக்கு எண்பது வயது. அதன் முகவுரைக்கு அவர் இட்ட தேதி அவருடைய எண்பதாவது பிறந்த நாள். தமிழ்நாட்டை விட்டு நீங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த வயதிலே இவ்வளவு பெரிய பணியை முடிக்க ஆயுள் போதுமோ என்று அவர் கவலைப்பட்டதையும், பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி என்று கல்லூரித் தலைவர் ஜோவெற் ஊக்கியதையும் அம்முகவுரையிலே எழுதியிருக்கின்றார். ஒக்ஸ்போர்டிலே அச்சான அந்த நூலை வாசித்து எந்தச் சைவன் மதம் மாறப் போகிறான்?

நூலின் உள்ளே பார்த்தால், சைவ சித்தாந்தத்தை விளக்க அவர் தம் சமய நூல்களைத் துணைக்கு அழைக்கவில்லை. உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையே ஆங்கிலத்திற் பெயர்த்து அந்நூலிற் சேர்த்திருக்கின்றார். மணிவாசகரை நினைக்கும்போது அவருக்குப் பவுலடியாரும் அசிசி நகரத்துப் புனித பிரான்சிசும் நினைவுக்கு வருகின்றனர் என்பது உண்மை. அது அவர் வளர்ந்த வீட்டின் வாசனை. ஆனால் மணிவாசகர் பவுலடியாரிடம் கற்றார் என்று அவர் சொல்லவில்லை. 1886இல் வள்ளுவரிடத்தில் மூலத்தைத் தேடியவர், 1900இல் மணிவாசகரிடத்தில் ஒப்புமையோடு அமைகின்றார். இடையிலே, 1893இல், நாலடியாரைச் சமணரின் நூலாகவே உலகுக்கு அறிமுகம் செய்தார். பதினான்கு ஆண்டுகளில் அம்மனிதர் வளர்ந்திருக்கின்றார் என்றே நான் கொள்கின்றேன்.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை நாம் எல்லாரும் அறிவோம். சைவத்துக்கும் பெண் கல்விக்கும் அவர் ஆற்றிய தொண்டைப் போற்றி நானே பல மேடைகளிற் பேசியிருக்கின்றேன். அவர் 1898இல் மத்தேயு எழுதிய நற்செய்திக்கும், 1902இல் யோவான் எழுதிய நற்செய்திக்கும் ஆங்கிலத்திலே விளக்கவுரைகள் தந்தார். ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் அவை இலண்டனிலே வெளிவந்தன. இயேசுநாதரின் மொழிகளைக் கீழைத்தேய ஞான அனுபவத்தின் வெளிச்சத்திலே, நம் சாத்திரங்கள் கூறும் பக்குவ நிலைகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளும் முயற்சி அது. மேலைத்தேயத்தார் தங்கள் வேதத்தின் உட்பொருளைத் தாங்களே அறியவில்லை என்ற கருத்தும் அதிலே உண்டு.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1898இல் ஒரு சைவர் நற்செய்தியை வாசிக்கின்றார். 1900இல் ஒரு கிறிஸ்தவர் திருவாசகத்தை வாசிக்கின்றார். 1902இல் அதே சைவர் மீண்டும் நற்செய்தியை வாசிக்கின்றார். மூன்று நூல்களும் இங்கிலாந்திலேயே அச்சாகின்றன. இராமநாதன் அவர்களின் முயற்சியை நான் "பரந்த நோக்கு" என்று பாராட்டி வந்தேன். போப்பின் முயற்சியை "மதச்சார்பு" என்று இகழ்ந்து வந்தேன். ஒரே செயலுக்கு இரண்டு பெயர். பெயர் மாறியதற்குக் காரணம் நூலிலே இல்லை, என்னிடத்திலே இருந்தது. ஒரு கிறிஸ்தவ நண்பர் இராமநாதன் அவர்களின் நூலை வாசித்துவிட்டு, "எங்கள் நற்செய்திக்கு விபூதி பூசிவிட்டார்" என்று மனம் வருந்தினால் அதற்கு நான் என்ன விடை சொல்வேன்? முதலில் நூலை முழுவதும் வாசியுங்கள் என்றுதானே சொல்வேன்?

போப்பின்மேல் நாம் கொண்ட அன்பும் கதை கட்டாமல் விடவில்லை. தம் கல்லறையிலே "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று பொறிக்கச் சொன்னார் என மேடைதோறும் சொல்லி வருகின்றோம். நானும் சொல்லியிருக்கின்றேன். ஒக்ஸ்போர்டிலே உள்ள அக்கல்லிற் பொறித்திருப்பது அவருடைய பெயரும் பதவிகளும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் அன்பர்களும் சேர்ந்து அதை நாட்டிய செய்தியுமே. அந்தத் தொடர் அதில் இல்லை. வள்ளுவரைக் கடற்கரையிலே கிறிஸ்தவ போதகரோடு உலாவவிட்டது போப்பின் ஆசை. போப்பின் கல்லறையிலே தமிழ் மாணவன் என்று எழுதிவைத்தது நம்முடைய ஆசை. வள்ளுவர் பிறந்த ஆண்டு கி.மு. 31 என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிக்கொள்வதும் அத்தகையதே. அன்பினாலே கட்டிய கதையும் சான்றில்லாத கதைதான்.

அப்படியானால் மதச்சார்பு என்ற குற்றச்சாட்டை எப்போது சாட்டலாம்? சாட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நூல் விமர்சகரின் உரிமை. சில வேளைகளிற் கடமையும் ஆகும். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே சாட்டவேண்டும் என்பது என் எண்ணம். முதலாவது, ஆசிரியர் சொல்வதற்கு அவருடைய நம்பிக்கைக்கு வெளியே சான்று உண்டா? இரண்டாவது, அவருடைய நம்பிக்கைக்கு மாறாக மூலநூல் பேசும் இடங்களிலே அவர் என்ன செய்தார்? மறைத்தாரா, திரித்தாரா, உள்ளபடி விட்டாரா? மூன்றாவது, தம்முடைய எண்ணம் பிழை என்று கண்டபோது திருத்திக்கொண்டாரா? முதற் கேள்வியிலே போப் தவறிவிட்டார். இரண்டாவதிலே, நான் பார்த்த இடங்களிலெல்லாம் தேறினார். மூன்றாவதிலே அவர் நமக்கு ஆசிரியராகவே நிற்கின்றார்.

ஆசிரியரின் மதம் எது என்ற கேள்வி இம்மூன்றிலும் இல்லை. அது வேண்டியதும் இல்லை. நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர். கழுத்திலே உருத்திராக்கமும் நெற்றியிலே திருநீறும் உள்ள ஒருவர் விவிலியத்தைத் தமிழ் செய்தபோது, அதிலே சைவத்தைப் புகுத்தினார் என்று எந்தப் பாதிரியாரும் அவர்மேற் குற்றஞ் சாட்டியதாக நாம் படித்ததில்லை. பின்னாளிலே கிறிஸ்தவ மதப் பிரசாரத்தை அவரளவு கடுமையாக எதிர்த்தவரும் இல்லை. தம் நம்பிக்கை வேறு, மூலத்துக்கு உண்மையாயிருக்கும் கடமை வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். 1861இல் அவரே பரிசோதித்துப் பதிப்பித்த பரிமேலழகர் உரைமீதும் வைதிகச் சார்பு என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. அதிலும் சில இடங்களிலே நியாயம் உண்டு. அதற்காகப் பரிமேலழகரைத் தூக்கி எறிந்துவிட்டுக் குறளைப் படிப்பிக்க என்னால் முடியுமா? இடம் பார்த்துக் கொள்கிறோம். இடம் பார்த்துத் தள்ளுகிறோம். போப்புக்கும் அந்த நீதியே உரியது.

சில நாட்களுக்கு முன்னர் அந்த விமர்சகரை ஒரு புத்தகக் கடையிலே சந்தித்தேன். நான் கண்டதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மாஸ்டர், முன்னுரை பிழை எண்டு நீங்களும் ஒப்புக்கொள்ளுறியள்தானே?" என்றார். "ஒப்புக்கொள்ளுறன். அந்தப் பக்கங்களை மட்டும் சொல்லுங்கோ, 'யாவும்' எண்ட சொல்லை விட்டிடுங்கோ" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். "அப்பிடிச் சொன்னால் கைதட்டமாட்டாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கைதட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

இம்முறை உயர்தர வகுப்பிலே இந்தப் பகுதி வந்தபோது, பிள்ளைகளுக்கு முதலிலே என் பிழையைச் சொன்னேன். பிறகு போப்பின் முன்னுரையில் அந்தக் கடற்கரைப் பகுதியையும், மூன்றாம் பாலைப் பற்றி அவர் எழுதிய பகுதியையும் தமிழிலே விளக்கி, இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பேசச் சொன்னேன். ஒரு பாடவேளை போதவில்லை. அடுத்த நாளும் பேசினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவன் இப்போது வெளிநாட்டிலே இருக்கின்றான். முகவரி தேடி ஒரு கடிதம் எழுதினேன். அன்று நான் அந்த நூலை வாசித்திருக்கவில்லை, இப்போது வாசித்துவிட்டேன், கண்டது இது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு மாதத்தின் பின் பதில் வந்தது. குடும்பச் செய்திகளெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியிலே ஒரு வரி சேர்த்திருந்தான்: "சேர், உண்மையைச் சொன்னால் அந்தப் புத்தகத்தை அன்றைக்கு நானும் வாசித்திருக்கவில்லை. எங்கள் ஆள் என்ற கோபத்திலே கேட்டேன். இனி வாசிப்பேன்."